மலையிலிருந்து செய்தி எழுதுகிறவர்களுக்கு: பத்திரிகைச் சுதந்திரம், பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கங்களில் புதிதாகச் செய்தி எழுத வரும் தம்பி தங்கைகளும், சொந்தமாக யூடியூப் சேனல் நடத்துகிறவர்களும், செய்தி படிக்கிறவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உலக நிலவரமும் உள்ளூர் நடைமுறையும் கலந்தே வரும். உலகம் முழுக்கக் கொல்லப்படும், சிறைக்குப் போகும் பத்திரிகையாளர்களில் பெரும்பாலானோர் தங்கள் ஊரைப் பற்றித் தங்கள் ஊரிலேயே இருந்து எழுதியவர்கள்தான். அதனால் இரண்டையும் பிரித்துப் பேச எனக்குத் தெரியவில்லை.

பத்திரிகைச் சுதந்திரம் நம் அரசியலமைப்பில் எங்கே இருக்கிறது?

அந்தப் பெயரில் தனியாக எங்கும் இல்லை. எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுரிமை, கருத்துரிமை தரும் 19(1)(அ) பிரிவுக்குள்தான் பத்திரிகையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கு நம் மாநிலத்தில் பிறந்தது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று அன்றைய மாநில அரசு தடை போட்டது. அச்சடிக்க உரிமை இருந்தால் போதாது, வாசகர் கைக்குப் போய்ச் சேரவும் உரிமை வேண்டும் என்று சொல்லி 1950 மே மாதம் அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. ‘பொது ஒழுங்கு’ என்ற காரணம் 19(2) பிரிவில் சேர்ந்தது அப்போதுதான். கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே திருத்தத்தில்தான் வந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை வழக்காடி வருகிறோம்.

என்னிடம் அடையாள அட்டை இல்லை. செல்போனும் ஒரு சேனலும்தான் இருக்கின்றன. எனக்கும் அந்த உரிமை உண்டா?

உண்டு. மேலே சொன்னது குடிமக்களின் உரிமை, அட்டை வைத்திருப்பவரின் உரிமை இல்லை. அரசு தரும் அங்கீகார அட்டை பேருந்துச் சலுகைக்கும் அரசு நிகழ்ச்சிக்குள் போவதற்கும் உதவும். அது இல்லாததால் நீங்கள் எழுதியது செய்தி இல்லை என்று ஆகிவிடாது. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு யானை மீது நெருப்பு வைத்து எறிந்த கொடுமையை நாடு முழுக்கக் கொண்டுபோனது ஒரு செல்போன் காணொளிதான்.

ஆனால் ஒரு வேறுபாட்டைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்திய பிரஸ் கவுன்சில் நாளிதழ், வார இதழ், செய்தி முகமை ஆகியவற்றைத்தான் கவனிக்கும். தொலைக்காட்சியும் இணையமும் அதன் எல்லைக்குள் வராது. இணையச் செய்திக்கு 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் பொருந்தும். ஒரு பக்கத்தை முடக்கச் சொல்லி ஒன்றிய அரசு உத்தரவிட்டால் அது சில மணி நேரத்தில் நடந்துவிடும். 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளமே முடங்கியது. அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவைத்தால் தளத்தைத் திறக்கலாம் என்று அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் திரும்ப வந்தது. ஒரு படத்துக்காக மொத்தத் தளத்தையும் மூடியது தவறு என்பதுதான் என் கருத்து.

மே 3, நவம்பர் 2: இந்த நாட்களுக்கு என்ன காரணம்?

1991 மே 3 அன்று நமீபியாவின் விண்ட்ஹோக் நகரில் ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர்கள் கூடி, சுதந்திரமான, பன்முகத்தன்மை கொண்ட பத்திரிகை வேண்டும் என்று ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். அதை வைத்து 1993-இல் ஐ.நா. பொதுச் சபை மே 3-ஐ உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளாக அறிவித்தது. 2013 நவம்பர் 2 அன்று மாலி நாட்டில் இரண்டு பிரெஞ்சு வானொலிப் பத்திரிகையாளர்கள் கடத்திக் கொல்லப்பட்டார்கள். பத்திரிகையாளரைத் தாக்கியவர்கள் தண்டனையில்லாமல் தப்பிப்பதை எதிர்க்கும் நாளாக அந்தத் தேதியை ஐ.நா. எடுத்துக்கொண்டது. இரண்டில் எனக்கு முக்கியமாகப் படுவது நவம்பர் 2. நம் ஊர்களில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

உலகத் தரவரிசையில் இந்தியா எங்கே?

‘எல்லைகளற்ற நிருபர்கள்’ என்ற பிரெஞ்சு அமைப்பு 2002 முதல் பட்டியல் வெளியிடுகிறது. 180 நாடுகளில் இந்தியா 2023-இல் 161, 2024-இல் 159, 2025-இல் 151. அந்த 2025 பட்டியலில் முதலிடம் நார்வேக்கு, கடைசி இடம் எரித்ரியாவுக்கு. அரசியல், பொருளாதாரம், சட்டம், சமூகம், பாதுகாப்பு என ஐந்து கோணங்களில் மதிப்பெண் போடுகிறார்கள். இந்த முறையை நம் அரசு ஏற்றுக்கொள்வதில்லை. கேள்வித்தாள் வைத்துக் கணக்கிடும் எந்தப் பட்டியலிலும் பிழை இருக்கத்தான் செய்யும். பத்து இடம் ஏறினோமா இறங்கினோமா என்பதைவிட, எந்தக் கோணத்தில் மதிப்பெண் குறைகிறது என்று பாருங்கள். 2025-இல் உலகம் முழுக்க மோசமாகச் சரிந்தது பொருளாதாரக் கோணம். மலையில் ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு, கூடவே அதே பத்திரிகைக்கு விளம்பரமும் பிடித்துக் கொடுக்கும் தாலுகா நிருபருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே தீபாவளி விளம்பரம் கேட்டு நிற்கிற நிலைமையில் சுதந்திரம் எங்கே இருக்கும்?

ஓர் ஆண்டில் எத்தனை பத்திரிகையாளர்கள் கொல்லப்படுகிறார்கள்? ஒவ்வோர் அமைப்பும் ஒவ்வொரு எண் சொல்கிறதே?

நியூயார்க்கிலுள்ள ‘பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு’ 1992 முதல் கணக்கு வைத்திருக்கிறது. அதன் கணக்கில் அதுவரை இல்லாத அளவுக்கு 2024-இல் 124 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் சுமார் 70 விழுக்காட்டினர் இஸ்ரேலியத் தாக்குதல்களில், பெரும்பாலும் காசாவில் இறந்தவர்கள். எண்கள் மாறக் காரணம், யாரைச் சேர்ப்பது என்பதில் உள்ள வேறுபாடு. செய்திக்காகத்தான் கொன்றார்கள் என்று உறுதியானால் மட்டும் சிலர் சேர்ப்பார்கள். ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர் போன்ற ஊடகப் பணியாளர்களையும் சிலர் சேர்ப்பார்கள்.

கொலை எண்ணிக்கையைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொரு கணக்கு. பத்திரிகையாளர் கொலைகளில் 85 விழுக்காட்டில் குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்று யுனெஸ்கோ 2024-இல் சொன்னது.

போர்க்களத்தில் நிருபருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

உண்டு. ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை, 79-ஆம் பிரிவு: ஆபத்தான இடத்தில் வேலை செய்யும் பத்திரிகையாளர் பொதுமக்களில் ஒருவராகவே கருதப்பட வேண்டும். அந்த நெறிமுறையில் சேராத நாடுகளையும் வழக்காற்றுச் சட்டமாக இது கட்டுப்படுத்தும் என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் நிலைப்பாடு. ஐ.நா. பாதுகாப்புச் சபையும் 2006-இல் 1738, 2015-இல் 2222 என்று இரண்டு தீர்மானங்கள் போட்டது. சட்டம் குறைவாக இல்லை. மீறியவரைக் கூண்டில் ஏற்ற ஆள் இல்லை.

போர் எல்லாம் தூரத்தில் நடக்கிறது. நம் பக்கத்தில் உண்மையிலேயே ஆபத்து யாருக்கு?

மணல், நிலம், சாலை ஒப்பந்தம். இந்த மூன்றைப் பற்றியும் உள்ளூரில் இருந்துகொண்டு எழுதுகிறவருக்கு.

சத்தீஸ்கர் மாநிலம் பீஜப்பூரில் முகேஷ் சந்திராகர் சொந்தமாக யூடியூப் சேனல் நடத்திவந்தார். ஒரு சாலைப் பணியில் நடந்த ஊழல் பற்றிய செய்தி வந்த பிறகு, 2025 புத்தாண்டு அன்று காணாமல் போனார். இரண்டு நாள் கழித்து ஒரு கழிவுநீர்த் தொட்டிக்குள் அவர் உடல் கிடைத்தது. தொட்டியின் மேல் புதிதாகக் கான்கிரீட் போட்டிருந்தார்கள். மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் நகரில் மணல் கொள்ளை பற்றிச் செய்தி போட்ட சந்தீப் சர்மா, தன் உயிருக்கு ஆபத்து என்று காவல்துறைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். 2018 மார்ச்சில் லாரி ஏறி இறந்தார். நம் மாநிலத்தில் 2020 நவம்பரில் சென்னைக்கு வெளியே குன்றத்தூர்ப் பக்கம் ஒரு இளம் தொலைக்காட்சி நிருபர் வெட்டிக் கொல்லப்பட்டார். மலையை விட்டு இறங்கினால் எட்டிவிடும் தூரத்தில் உள்ள பல்லடத்தில் 2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிருபரை ஒரு கும்பல் வெட்டியது. ஆட்கள் தன்னைத் தேடி வருகிறார்கள் என்று அவர் காவல்துறைக்குப் போன் செய்து உதவி கேட்ட ஒலிப்பதிவு பிறகு எல்லோர் கைக்கும் வந்தது. நல்லவேளை, உயிர் பிழைத்தார்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. எழுதியவர் வீடு எங்கே என்று எழுதப்பட்டவருக்குத் தெரியும். டெல்லியிலிருந்து வரும் நிருபர் செய்தி எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவார். தாலுகா நிருபர் மறுநாள் காலை அதே கடையில் டீ குடிக்க வேண்டும், அவர் பிள்ளை அதே பள்ளிக்குப் போக வேண்டும். நீலகிரியில் மணல் இல்லாமல் இருக்கலாம். சீகூர் யானை வழித்தடத்தில் ரிசார்ட் இருக்கிறது, கூடலூரில் உரிமை இன்னும் முடிவாகாத செக்‌ஷன் 17 ஜென்ம நிலம் இருக்கிறது, அனுமதியில்லாமல் இராத்திரியில் ஓடும் ஜேசிபி இருக்கிறது, மரம் வெட்டு இருக்கிறது. பணம் புரளும் இடத்தில் செய்தியும் இருக்கும், மிரட்டலும் இருக்கும்.

எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. அங்கே தமிழ்ப் பத்திரிகையாளர்களுக்கு என்ன நடந்தது?

1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் நிறைய இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. விரிவாகவே சொல்கிறேன், மறக்கக் கூடாத பெயர்கள் இவை.

மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசி தமிழோசைக்கும் பிற ஊடகங்களுக்கும் செய்தி அனுப்பியவர். வெளியுலகத்துக்கு அங்கிருந்து குரல் வருவதே அரிதாக இருந்த காலம் அது. 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், தன் வீட்டிலேயே சுடப்பட்டார். ‘தராக்கி’ என்ற பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28 அன்று கொழும்பில் கடத்தப்பட்டு மறுநாள் பிணமாகக் கிடந்தார்.

சுப்பிரமணியம் சுகிர்தராஜன் கதை ஒவ்வொரு இளம் நிருபரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களே வைத்திருந்த குண்டு வெடித்து இறந்ததாக இராணுவத் தரப்பு சொன்னது. சுகிர்தராஜன் எடுத்த படங்கள், அவர்கள் அருகிலிருந்து சுடப்பட்டதைக் காட்டின. படம் வெளிவந்தது. அதே மாதம் 24-ஆம் தேதி, வேலைக்குப் போகப் பேருந்துக்குக் காத்திருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு மே 2 அன்று, பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முந்தைய மாலை, யாழ்ப்பாணத்தில் ‘உதயன்’ அலுவலகத்துக்குள் ஆயுதங்களுடன் புகுந்து ஊழியர்கள் இருவரைக் கொன்றார்கள்.

சிங்களப் பத்திரிகையாளர்களும் தப்பவில்லை. ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று அலுவலகத்துக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். தான் கொல்லப்படலாம் என்று தெரிந்து முன்பே எழுதி வைத்த தலையங்கம் அவர் இறந்த பிறகு அச்சானது. எழுதியதற்காகவே தமிழ்ப் பத்திரிகையாளர் ஜெ.எஸ்.திசைநாயகத்துக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஆகஸ்டில் 20 ஆண்டுக் கடுங்காவல் விதித்தார்கள். உலக அழுத்தத்துக்குப் பிறகு அடுத்த ஆண்டு பிணையில் வெளியே வந்தார், பிறகு மன்னிப்பும் கிடைத்தது. சிறையில் இருந்தவருக்காக உலகம் பேசியது, பலனும் கிடைத்தது. இறந்தவர்களுக்கு இன்னும் நீதி கிடைக்கவில்லை.

எனக்கு மிரட்டல் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. ‘சின்ன ஊரு, பெரிசு பண்ண வேண்டாம்’ என்று வீட்டிலேயே சொல்வார்கள். அப்படி விட்டதால் மிரட்டியவருக்குத் துணிச்சல் கூடியதைப் பார்த்திருக்கிறேன்.

போனில் வந்தால் பதிவு செய்யுங்கள். நேரில் வந்தால் நாள், நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் எல்லாவற்றையும் அன்றே எழுதி ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதியலாம், எல்லை காரணம் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. பதிய மறுத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4) பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசைவு இல்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம்.

பல்லடத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: காவல்துறையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். உங்கள் ஆசிரியர், சக நிருபர்கள், பத்திரிகையாளர் சங்கம், ஒரு வழக்கறிஞர், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியட்டும். நீங்கள் திரட்டிய ஆவணங்களின் நகல் வேறு ஒருவரிடம் இருக்கட்டும். மால்டாவில் டாப்னே கருவானா கலீசியா 2017-இல் கார் குண்டில் கொல்லப்பட்ட பிறகு, பல நாட்டு நிருபர்கள் சேர்ந்து அவர் விட்ட இடத்திலிருந்து அதே செய்தியைத் தொடர்ந்தார்கள். எழுதியவரைக் கொன்றாலும் செய்தி நிற்காது என்று தெரிந்தால் கொல்வதில் லாபம் இல்லை. உள்ளூரிலும் அதைச் செய்யலாம். ஆபத்தான செய்தியை இரண்டு மூன்று பத்திரிகைகளின் நிருபர்கள் ஒரே நாளில் போடுங்கள். ‘எனக்கு மட்டும் வந்த செய்தி’ என்ற பெருமையை அன்றைக்கு விட்டுக்கொடுங்கள்.

மலைக்கென்று சில விஷயங்கள். குந்தா, அவலாஞ்சி, கிளன்மார்கன் பக்கம் பல இடங்களில் சிக்னல் கிடையாது. எங்கே போகிறீர்கள், எந்த நேரத்துக்குள் திரும்பக் கூப்பிடுவீர்கள், கூப்பிடாவிட்டால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முன்பின் தெரியாத ஆள் ‘ஆதாரம் தருகிறேன், எஸ்டேட் பங்களாவுக்கு வாங்க’ என்று இருட்டிய பிறகு கூப்பிட்டால் போகாதீர்கள். பகலில், பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் சந்திக்கலாம் என்று சொல்லுங்கள். உண்மையான ஆதாரம் மறுநாளும் இருக்கும்.

தகவல் கொடுத்தவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமா?

1978-ஆம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டம் 15(2) பிரிவு, மூலத்தை வெளியிடச் சொல்லி நிருபரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் அது பிரஸ் கவுன்சில் விசாரணைக்கு மட்டும்தான். நீதிமன்றத்திலோ காவல் விசாரணையிலோ முழுக் கவசமாக நிற்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மூலத்தைக் காப்பது பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை என்று பேசியது. வாதாட அது உதவும்.

சட்டத்தை விட்டு நடைமுறைக்கு வருகிறேன். எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் ஒரு அக்கா, கூலி நிலுவை பற்றியோ தண்ணீர் வராதது பற்றியோ உங்களிடம் பேசுகிறார். அவருக்கு வேலையும் வீடும் ஒரே முதலாளியிடம். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். எந்த டிவிஷன், எத்தனை வருட வேலை, பிள்ளை எங்கே படிக்கிறது என்று எழுதினாலே மேஸ்திரிக்கு ஆள் தெரிந்துவிடும். படத்தில் பின்னால் தெரியும் கதவின் நிறமே போதும். குரலை மாற்றாமல் காணொளி போட்டால் கேட்கவே வேண்டாம். அவர் சொன்னதை அதே டிவிஷனில் இன்னும் நான்கைந்து பேரிடம் கேட்டு, எல்லோரும் சொன்னதாக எழுதுங்கள். ஆதிவாசிப் பாடிகளிலும் இதேதான். அவர்கள் பேசிவிட்டு நம்மைப் போல வேறு ஊருக்குப் போக முடியாது. நிருபரின் பாதுகாப்பு பற்றி எவ்வளவோ பேசுகிறோம், பேசிய மனிதரின் பாதுகாப்பு அதற்கு முன்னால் வர வேண்டும்.

போனைப் போலீஸ் கேட்டால்?

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி சென்ற ஹெலிகாப்டர் விழுந்தது நினைவிருக்கும். அது மூடுபனிக்குள் மறைவதைப் படமெடுத்த சுற்றுலாப் பயணியின் போன் தடயவியல் ஆய்வுக்குப் போனது. விசாரணைக்குத் தேவை என்றால் கேட்பார்கள், அதற்கு முறை இருக்கிறது. எழுத்தில் உத்தரவு கேளுங்கள். கைப்பற்றியதற்கு மகஜர் கேளுங்கள். சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவு சொல்கிறது. போன் உள்ளே போனால் அதிலிருக்கும் எல்லோருடைய எண்ணும் உள்ளே போகும் என்பதால், மூலங்களின் எண்ணை அவர்கள் பெயரில் சேமிக்காதீர்கள். பழைய உரையாடலை அழித்து வையுங்கள். ஆனால் நோட்டீஸ் வந்த பிறகு எதையும் அழிக்காதீர்கள், அது தனிக் குற்றமாகிவிடும்.

கைது செய்ய வந்தால்?

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு எடுத்த எடுப்பில் கைது கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைதானால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘நியூஸ்கிளிக்’ நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தாவை 2023 அக்டோபரில் உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் கைது செய்தபோது காரணத்தை எழுத்தில் தரவில்லை என்பதாலேயே, 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் கைது செல்லாது என்று விடுவித்தது.

நடுவர் முன் நிறுத்தப்படும் அந்தச் சில நிமிடங்கள் முக்கியமானவை. 2018 அக்டோபரில் ஆளுநர் பற்றிய கட்டுரைகளுக்காக ‘நக்கீரன்’ கோபாலைக் கைது செய்து எழும்பூர் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். மூத்த பத்திரிகையாளர் என்.ராம் அங்கே வந்து துறையின் சார்பில் பேசினார். நடுவர் அவரைச் சிறைக்கு அனுப்ப மறுத்தார். பக்கத்து மாநிலமான கேரளத்தைச் சேர்ந்த சித்திக் காப்பன் 2020 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸுக்குச் செய்தி எடுக்கப் போகும் வழியில் கைதாகி, வெளியே வர 2023 பிப்ரவரி ஆனது. வழக்கு நிற்குமா என்பது பிறகு. அந்த நாட்கள் திரும்ப வராது. ஊட்டியில் ஒரு நிருபர் கைதானால் மற்ற நிருபர்கள் நீதிமன்றத்துக்குப் போய் நிற்க வேண்டும், போட்டிப் பத்திரிகையாக இருந்தாலும் சரி.

அவதூறு வழக்கு போடுவேன் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், பதில் வேண்டும். குறித்த நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். அவதூறு இன்னும் இந்தியாவில் குற்றவியல் சட்டத்துக்குள்தான் இருக்கிறது: புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 356-ஆம் பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறை. எழுதியது உண்மை என்றால் மட்டும் போதாது, பொது நன்மைக்காக எழுதியதாகவும் இருக்க வேண்டும்.

நமக்குப் பலமான தீர்ப்பு ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய வாழ்க்கைக் கதையை ‘நக்கீரன்’ வெளியிடாமல் தடுக்க அதிகாரிகள் முயன்ற வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ உரிமை இல்லை. நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணத்திலிருந்து எழுதுவதற்குப் பொதுவாக யார் அனுமதியும் தேவையில்லை. அதனால் வருவாய்த் துறை ஆவணம், தீர்ப்பு நகல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில் என்று கையில் காகிதம் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பணக்காரர் போடும் வழக்கின் நோக்கம் பெரும்பாலும் ஜெயிப்பது இல்லை, உங்களை அலைய வைப்பது. டாப்னே கொல்லப்பட்டபோது அவர் மீது 40-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. இப்படிப்பட்ட வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ள 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அவர் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள். இங்கே அப்படி ஒன்று இல்லை.

சட்டமன்றம் பத்திரிகையாளரைச் சிறைக்கு அனுப்ப முடியுமா?

அனுப்பியிருக்கிறது. 1987-இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் வந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக அதன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது தமிழ்நாடு சட்டமன்றம். எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களில் விடுவித்தார்கள். 2003 நவம்பரில் ‘தி இந்து’ ஆசிரியர் குழுவினருக்கு 15 நாள் சிறை என்றார்கள், உச்ச நீதிமன்றம் தடுத்தது. எந்தக் கட்சி ஆட்சியிலும் இந்த அதிகாரம் அப்படியேதான் இருக்கிறது.

காட்டுக்குள், இராணுவப் பகுதியில் படம் எடுக்கலாமா?

முதுமலைக்குள் அனுமதியில்லாமல் போய்ப் படம் எடுத்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு வரும். செய்திக்காக என்று சொன்னால் விடமாட்டார்கள். வெலிங்டன் இராணுவ வளாகம், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை இரண்டும் இன்னும் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள். 1923-ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டம் பிரிட்டிஷார் விட்டுப் போனது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தொழிற்சாலையில் விபத்து என்றால் வாயிலில் நின்று தொழிலாளர்களிடமும் தொழிற்சங்கத்திடமும் கேட்டு எழுதலாம். ட்ரோன் பறக்க விடாதீர்கள்.

பெண் நிருபர்களுக்குத் தனியாக ஏதாவது?

யுனெஸ்கோ நடத்திய உலகளாவிய ஆய்வில் பங்கேற்ற பெண் பத்திரிகையாளர்களில் 73 விழுக்காட்டினர் இணையத்தில் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். இங்கேயும் செய்திக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் எழுதிய பெண்ணின் ஒழுக்கத்தைப் பேச ஆரம்பிக்கிறார்கள். திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு 1930 எண்ணிலோ சைபர் குற்றப் பிரிவிலோ புகார் கொடுங்கள். பணியிடத் தொல்லைக்கு 2013-ஆம் ஆண்டு சட்டம் உண்டு. ‘எங்கள் அலுவலகத்தில் நாலு பேர்தான், கமிட்டி கிடையாது’ என்பார்கள். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்காகவே ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

பத்திரிகையாளர்களைக் காக்கத் தனிச் சட்டம் வந்தால் சரியாகிவிடுமா?

மகாராஷ்டிரம் 2017-இல் சட்டம் இயற்றியது, சத்தீஸ்கர் 2023-இல். அந்தச் சத்தீஸ்கரில்தான் முகேஷைக் கொன்று தொட்டிக்குள் போட்டார்கள். மெக்சிகோவில் 2012 முதல் அரசே பாதுகாப்புத் திட்டம் நடத்துகிறது, கொலைகள் நிற்கவில்லை. தமிழ்நாட்டுக்கும் சட்டம் வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் விசாரணை அதிகாரி உள்ளூர் அழுத்தத்துக்கு வெளியே இருக்க வேண்டும், வழக்கு முடியக் காலவரம்பு வேண்டும், அட்டை இல்லாத பகுதிநேர நிருபரும் அதற்குள் வர வேண்டும். இந்த மூன்றும் இல்லாத சட்டம் நமக்கு உதவாது.

‘பிரஸ்’ ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு மிரட்டிப் பணம் பறிப்பவர்களை என்ன செய்வது?

மிரட்டிப் பறிப்பது குற்றம், புகார் கொடுங்கள். ஊட்டியில் கட்டடம் கட்டும் எவரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதற்காக ‘அரசு அனுமதித்தவர்தான் நிருபர்’ என்று உரிமம் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அரசைக் கேள்வி கேட்கும் வேலைக்கு அரசிடமே அனுமதி வாங்கச் சொன்ன நாடுகளில் முதலில் உரிமம் இழந்தவர்கள் நேர்மையானவர்கள்தான்.

வாசகராக நான் என்ன செய்ய முடியும்?

காசு கொடுத்துப் படியுங்கள். உள்ளூர் நிருபர் தாக்கப்பட்டதை நீங்கள் பார்த்திருந்தால் சாட்சி சொல்லுங்கள். தண்டனை கிடைக்காத அந்த 85 விழுக்காட்டில் பல வழக்குகள் சாட்சி இல்லாமல் செத்தவை. உங்கள் ஊரில் நிருபரைப் பற்றி வாட்ஸப்பில் அசிங்கமாக வந்தால் அடுத்த குழுவுக்கு அனுப்பாதீர்கள். செய்தி தவறாக இருந்தால் திருத்தம் கேட்டு எழுதுங்கள், பதில் வரவில்லை என்றால் பத்திரிகை விஷயத்தில் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம்.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

உடனடி ஆபத்துக்கு 112. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு வருமான வரம்பு உண்டு. பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு, எல்லைகளற்ற நிருபர்கள், சர்வதேசப் பத்திரிகையாளர் சம்மேளனம் மூன்றும் ஆபத்திலுள்ள நிருபர்களுக்கு உதவி செய்கின்றன, தனியாக வேலை செய்பவர்களும் கேட்கலாம். அவர்களுக்கு எழுதும்போது சி.எஸ்.ஆர். ரசீது, மிரட்டலுக்குக் காரணமான செய்தியின் நகல், நடந்ததை நாள்வாரியாக எழுதிய ஒரு பக்கம் ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள்.